செவ்வாய்க்கிழமையைத் தொலைத்த கதை

ஊருக்குப் போனால், "தம்பி என்ன வேலை பாக்குது?" என்று கேட்பவர்களிடம் "ஏரோப்ளேனுக்கு டைம்டேபிள் போடுறேன்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். பஸ் ஸ்டாண்டில் நோட்டும் கையுமாக நிற்கும் டைம் கீப்பரை நினைத்துக்கொண்டு அவர்களும் தலையாட்டுவார்கள். பெரிய தப்பில்லை. இரண்டு நிமிஷம் முந்தி எடுத்துவிட்டான் என்று தனியார் பஸ் டிரைவர்கள் சட்டையைப் பிடித்துக்கொள்வதை ஒருமுறை பார்த்தவர்களுக்கு என் வேலையில் முக்கால்வாசி புரிந்த மாதிரிதான்.

பஸ்ஸுக்கு ரூட் பெர்மிட் தனி, டைமிங் தனி. விமானத்துக்கும் அப்படியே. இன்ன நாட்டிலிருந்து இன்ன நாட்டுக்கு வாரத்துக்கு இத்தனை தடவை பறக்கலாம் என்பது இரண்டு அரசாங்கங்கள் பேசி முடிப்பது. அது கையில் இருந்தாலும், போய்ச் சேருகிற ஊரில் இறங்க ஒரு நேரம் வேண்டும், ஏற ஒரு நேரம் வேண்டும். அதற்குப் பெயர்தான் ஸ்லாட். ஓடுபாதையில் தொடங்கி டெர்மினல், விமானம் நிற்கிற இடம் வரை எல்லாவற்றையும் அந்த நாளில் அந்த நேரத்துக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்கிற அனுமதி. (பெல்ட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது "ஸ்லாட்டுக்காகக் காத்திருக்கிறோம்" என்று விமானி அறிவிப்பாரே, அது வேறு. அது அன்றைய வான் நெரிசலைப் பார்த்து அன்றைக்கே கொடுப்பது. எங்களுடையது பல மாதம் முன்பே மல்லுக்கட்டி வாங்குவது.)

வளைகுடாவில் ஒரு விமான நிறுவனத்தின் ஷெட்யூல் பிரிவில் சேர்ந்து பதினேழு வருஷம் ஆகிறது. அதில் பன்னிரண்டு வருஷம் ஸ்லாட் மேசை. என் மேசையில் இருந்த ஒரு செவ்வாய்க்கிழமையை எப்படித் தொலைத்தேன் என்பதைத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் இந்தத் தொழிலின் விசித்திரத்தைக் கொஞ்சம் சொல்லாமல் அது விளங்காது.

வானத்தில் இடத்துக்கா பஞ்சம் என்று கேட்பார்கள். பஞ்சம் தரையில். எல்லா ஊரிலும் இல்லை. உலகத்தில் சுமார் 200 விமான நிலையங்களில் மட்டும் ஸ்லாட் இல்லாமல் சக்கரம் படக் கூடாது. அவற்றை மூன்றாம் நிலை என்போம். லண்டன் ஹீத்ரோவை எடுத்துக்கொள்ளுங்கள். இருப்பது இரண்டே ஓடுபாதை. ஐந்தாவது டெர்மினல் கட்ட அனுமதி கொடுத்தபோதே, ஏறுவதும் இறங்குவதுமாக வருஷத்துக்கு 4,80,000 தடவைக்கு மேல் கூடாது என்று கட்டுப்பாடு போட்டுவிட்டார்கள். இரவு பதினொன்றரை முதல் காலை ஆறு வரை இன்னும் கெடுபிடி: வருஷம் முழுவதற்கும் சேர்த்து 5,800. ஆசியாவிலிருந்து ராத்திரி முழுக்கப் பறந்து வருகிற எல்லோருக்கும் விடியற்காலையில்தான் அங்கே இறங்க வேண்டும். அந்த நாலரை, ஐந்து மணி ஸ்லாட்டுகள் வைத்திருக்கிறவர்களைப் பார்த்தால் காவிரிக் கரையில் இருபோக நிலம் வைத்திருப்பவர்களைப் பார்க்கிற மாதிரி இருக்கும். மும்பையில் வேறு கதை. அங்கே இரண்டு ஓடுபாதைகளும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டுவதால், இருப்பது இரண்டு என்றாலும் ஒரு நேரத்தில் உதவுவது ஒன்றுதான்.

இப்படிப்பட்ட சொத்துக்குப் பத்திரம் இருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? கிடையாது. ஓட்டிக்கொண்டே இருந்தால் உங்களுடையது, அவ்வளவுதான். என் தாத்தா ஒரு வாய்க்கால் ஓர நிலத்துக்காகக் கோர்ட்டுக்கு அலைந்தபோது "அனுபோக பாத்தியதை" என்ற வார்த்தையை வீட்டில் அடிக்கடி கேட்டிருக்கிறேன். ஸ்லாட் மேசையில் முதல் நாள் எனக்கு 80/20 விதியைச் சொல்லிக்கொடுத்த மலையாளிச் சேட்டனுக்கு இந்த வார்த்தையை விளக்கினேன். சிரித்துவிட்டு, "அதேதான், ஆனா வருஷத்துக்கு ரெண்டு தடவ நிரூபிக்கணும்" என்றார்.

எங்களுக்கு வருஷத்தில் இரண்டே பருவம். மார்ச் கடைசி ஞாயிறில் கோடை தொடங்கும், அக்டோபர் கடைசி ஞாயிறில் குளிர்காலம். ஒரே கிழமையில் ஒரே நேரத்துக்கு வாராவாரம் வருகிற ஸ்லாட்டுகளின் கோர்வைக்கு சீரீஸ் என்று பெயர். அந்தக் கோர்வையில் நூற்றுக்கு 80 பறந்திருந்தால் அடுத்த வருஷம் அதே பருவத்தில் அதே நேரம் உங்களுக்கே. ஒன்று குறைந்தாலும் பொதுத் தொகுப்புக்குப் போய்விடும். அதில் பாதி, புதிதாக வருகிறவர்களுக்கு. இதில் புதிதாக வேலைக்கு வருகிற யாருக்கும் சட்டென்று பிடிபடாத விஷயம், ஒவ்வொரு கிழமையும் தனிக்கணக்கு என்பதுதான். திங்கள் முதல் ஞாயிறு வரை தினமும் பறக்கிற விமானம் என்றால் அது ஒரு சீரீஸ் இல்லை, ஏழு. ஆறு நாளில் நூற்றுக்கு நூறு வாங்கி ஏழாவது நாளில் கோட்டை விடலாம். நான் விட்டேன்.

2018-19 குளிர்காலம். ஐரோப்பாவில் நெரிசல் மிகுந்த ஒரு விமான நிலையம். பெயர் வேண்டாம், அவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. எங்கள் விமானம் தினமும் 12:35-க்கு இறங்கி 14:10-க்குக் கிளம்பும். எங்கள் உலகத்தில் எல்லா நேரமும் யுடிசி, அதாவது உலகம் முழுவதற்கும் பொதுவான நேரம். (ஒருமுறை புதுப் பையன் ஒருவன் கோடைக்கால விண்ணப்பம் முழுவதையும் உள்ளூர் நேரத்தில் போட்டு அனுப்பிவிட்டான். ஒரு மணி நேரம் தள்ளி, யாருமே கேட்காத நேரத்தில், உடனே ஸ்லாட் கிடைத்துவிட்டது. "சார், கேட்டதெல்லாம் குடுத்துட்டாங்க!" என்று ஓடி வந்தான். கேட்டதெல்லாம் கிடைத்தால் கேட்டது தப்பு என்று அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டான்.)

அந்த 12:35-ன் அருமை எங்கள் ஊர்க்காரர்களுக்குத்தான் தெரியும். சென்னை, திருவனந்தபுரம், கொழும்பிலிருந்து விடியற்காலை வந்து இறங்குகிறவர்கள் ஒன்றரை மணி நேரத்தில் ஐரோப்பா விமானத்தில் ஏறிவிடலாம். திரும்பும்போதும் அப்படியே. நள்ளிரவு தாண்டி வந்து இறங்கினால் இரண்டரை மணிக்குச் சென்னை விமானம் காத்திருக்கும்.

அந்தக் குளிர்காலத்தில் 22 செவ்வாய்க்கிழமைகள். அதில் 80 சதவீதம் என்றால் பதினேழரைக்கு மேல். அரை விமானம் பறக்க முடியாது, ஆக 18. நான்கு வரை விடலாம்.

முதலாவது நவம்பரில் போனது. எங்கள் ஊரிலேயே எஞ்சினில் பறவை அடித்து விமானம் தரையில் நின்றுவிட்டது. சரி, இது நடப்பதுதான். அடுத்த இரண்டும் நாங்களே கையால் எடுத்துக் கொடுத்தவை. அந்த வருஷம் டிசம்பர் 25-ம் ஜனவரி 1-ம் செவ்வாயில் விழுந்தன. பண்டிகை நாளில் ஆளே இல்லை, புதன்கிழமை விமானத்தில் ஏற்றிவிடலாம் என்று வர்த்தகப் பிரிவு நவம்பரில் முடிவெடுத்து இரண்டையும் ரத்து செய்தது. வியாபாரக் கணக்கில் சரிதான். ஆனால் ஆகஸ்ட் 31-க்குள் அந்த இரண்டு தேதிகளையும் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்திருந்தால் அவை கணக்கிலேயே வந்திருக்காது. கிறிஸ்துமஸ் எந்தக் கிழமை என்று ஆகஸ்டிலேயே காலண்டர் சொல்கிறது. அதைப் பார்க்கச் சம்பளம் வாங்குகிறவன் நான்.

நான்காவது ஜனவரி மூன்றாம் வாரம். டெல்லியில் பனிமூட்டம். அங்கே மாட்டிக்கொண்ட விமானம்தான் காலையில் ஐரோப்பாவுக்குப் போக வேண்டியது. விமானிகளின் பணி நேரமும் தீர்ந்துபோனது. நியாயமான காரணம் என்று, அந்த விமான நிலையத்தின் ஸ்லாட்டுகளைப் பங்கிட்டுக் கொடுக்கும் ஒருங்கிணைப்பாளருக்கு எழுதிப் போட்டேன். விமான நிலையமே மூடிக்கிடந்தால், வான்வெளி மூடினால் விதிவிலக்கு உண்டு. 2025 மார்ச் 21-ம் தேதி துணைமின் நிலையத் தீயால் ஹீத்ரோ கிட்டத்தட்ட முழு நாளும் மூடிக்கிடந்தது அந்த மாதிரி. எங்கள் விஷயத்தில் போய் இறங்குகிற ஊரில் வானம் பளிச்சென்று இருந்தது. உங்கள் விமானம் எந்த ஊரில் மாட்டிக்கொண்டது என்பது உங்கள் பாடு என்று மரியாதையான மொழியில் பதில் வந்தது. அந்த நாற்காலியில் நான் இருந்திருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பேன்.

அன்றைக்கே எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்பினேன். சிவப்பு எழுத்தில், கொட்டை கொட்டையாக: செவ்வாய் இனி ஒன்றுகூட ரத்தாகக் கூடாது, மார்ச் முடியும் வரை. பதினான்கு பேருக்குப் போனது. சேட்டன் படித்துவிட்டு சுலைமானியை உறிஞ்சியபடி, "இன்னும் பத்து செவ்வாய் இருக்கு, பிரார்த்தனை பண்ணு" என்றார்.

மார்ச் முதல் செவ்வாய். விடியற்காலை மூன்று மணிக்கு இரண்டு விமானங்களுக்கு ஒரே நேரத்தில் கோளாறு; எங்கள் ஐரோப்பா விமானத்தில் ஹைட்ராலிக் கசிவு. மாற்று விமானம் ஒன்றுதான் இருந்தது. எங்களுடையதில் 148 பேர், இன்னொன்றில் 231 பேர். கட்டுப்பாட்டு அறையின் இரவு மேலாளர், ஓர் எகிப்தியர், 231 பேர் பக்கம் முடிவெடுத்தார். அது மட்டும் என்றால் பரவாயில்லை. மதியம் இன்னொரு விமானம் காலியாக வரவிருந்தது. ஆறு மணி நேரத் தாமதத்தோடு கிளப்பியிருக்கலாம். பழுதால் தாமதமாகப் போனாலும் பறந்தது பறந்ததுதான், கணக்கில் ஏறியிருக்கும். ஆனால் அந்த 148 பேரை வேறு நிறுவனங்களுக்கும் மறுநாளுக்கும் பிரித்து அனுப்புவது சுலபம், செலவும் குறைவு என்று பட்டிருக்கிறது. ரத்து.

ஏழரை மணிக்கு அலுவலகம் வந்து திரையைப் பார்த்தேன். உள்ளூர் நேரம் 8:30-க்குக் கிளம்ப வேண்டிய விமானத்தின் பட்டை சிவப்பாக இருந்தது. மாடிப்படியில் ஓடினேன். அந்த எகிப்தியர் ஷிப்ட் முடிந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தார். நான் மூச்சு வாங்கச் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, நிஜமாகவே புரியாமல், "இதை எனக்கு யாரும் சொல்லவில்லையே?" என்றார்.

மின்னஞ்சலைக் காட்டலாம் என்று போனைத் திறந்தேன். பதினான்கு பெயர்களில் அவர் பெயர் இல்லை. அவருக்கு முன்னால் அந்த வேலையில் இருந்து, வேறு பிரிவுக்கு மாறிப்போனவர் பெயர் இருந்தது. இரண்டு வருஷம் முன்பு நான் போட்ட பட்டியல். ஒருமுறைகூடத் திறந்து பார்த்ததில்லை.

22-ல் 17. எழுபத்தேழு சதவீதம். பண்டிகைத் தேதிகள் இரண்டையும் ஆகஸ்டில் திருப்பியிருந்தால் 20-ல் 17 ஆகியிருக்கும். 85 சதவீதம், கவலையே இல்லாமல் தப்பியிருப்போம். இந்தக் கணக்கை அதன்பிறகு எத்தனை ராத்திரி போட்டிருப்பேன் என்று தெரியாது. அம்மாவிடம் போனில் சொன்னபோது, "செவ்வாயோ வெறுவாயோன்னு சும்மாவா சொன்னாங்க" என்றார். மேலதிகாரியிடம் அந்த விளக்கத்தைச் சொல்ல முடியவில்லை.

"ஒரு நாள்தானே, ஆறு நாள் இருக்கிறதே" என்று வர்த்தகப் பிரிவில் ஒருவர் கேட்டார். அவருக்கு நான் விலைப்பட்டியல்தான் சொன்னேன். பத்திரம் இல்லாவிட்டாலும் இந்தச் சொத்து கைமாறும். ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்வது என்ற போர்வையில் உள்ளே பணம் நகரும். லண்டனில் 1999-ல் ஒரு வழக்கு அதற்கு வழிவிட்டது. 2008-ல் ஐரோப்பிய ஆணையமும் கண்டுகொள்ளப்போவதில்லை என்று சொல்லிவிட்டது. அதே வருஷம் அமெரிக்கா–ஐரோப்பா இடையே வான்வழி திறந்துவிடப்பட்டது. அதுவரை ஹீத்ரோவுக்கு இரண்டு அமெரிக்க நிறுவனங்கள்தான் வரலாம் என்று இருந்தது. உரிமை கிடைத்துவிட்டது, ஆனால் இறங்க நேரம்? கான்டினென்டல் ஏர்லைன்ஸ், இறங்க ஒன்று ஏற ஒன்று என்று நான்கு ஜோடி ஸ்லாட்டுக்கு 20.9 கோடி டாலர் கொடுத்தது. 2013-ல் ஜெட் ஏர்வேஸ் தன் மூன்று ஹீத்ரோ ஜோடிகளை எதிஹாதுக்கு 7 கோடி டாலருக்கு விற்றுவிட்டு, அதையே வாடகைக்கு எடுத்து ஓட்டியது. வீட்டை விற்றுவிட்டு அதே வீட்டில் குடியிருப்பதைப்போல. 2016-ல் ஓமன் ஏர் ஒரே ஒரு விடியற்காலை ஜோடிக்கு 7.5 கோடி டாலர் கொடுத்ததாகச் செய்தி வந்தபோது எங்கள் பிரிவில் ஒரு நாள் முழுக்க வேறு பேச்சில்லை.

இந்த விலையைத் தெரிந்துகொண்டால், காலி விமானம் பறக்கவிடுகிறவர்களைப் பைத்தியம் என்று சொல்ல வாய் வராது. பிரிட்டிஷ் மெடிடரேனியன் என்று ஒரு நிறுவனம் இருந்தது. தாஷ்கண்ட் விமானத்தை நிறுத்தியபின் ஹீத்ரோ ஸ்லாட் போய்விடக் கூடாது என்று 2006 அக்டோபர் முதல் 2007 மார்ச் வரை வாரத்துக்கு ஆறு நாள் லண்டனுக்கும் கார்டிஃபுக்கும் இடையே ஆளே இல்லாமல் பறந்தது. அத்தனையும் எரிந்த எண்ணெய். வெட்கக்கேடுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த மார்ச் செவ்வாயன்று என்னிடம் ஒரு விமானமும் இரண்டு விமானிகளும் இருந்திருந்தால் நானும் காலியாகவே அனுப்பியிருப்பேன். பிறகு அதைப் பற்றி வெட்கமும் பட்டிருப்பேன்.

அடுத்த குளிர்காலத்துக்கான பட்டியல் வந்தது. நாங்கள் எதைத் தக்கவைத்தோம் என்று ஒருங்கிணைப்பாளர் அனுப்புவது. திங்கள், புதன், வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு. பல் விழுந்த இடத்தை நாக்கு தடவுகிற மாதிரி கண் அங்கேயே போய் நின்றது. புதிதாகக் கேட்கிறோம் என்று "என்" என்ற எழுத்தைப் போட்டுச் செவ்வாய்க்கு விண்ணப்பித்தேன். எங்கள் செய்திகளெல்லாம் தந்திக் காலத்து வடிவம். ஒற்றை எழுத்துகளில்தான் வாழ்வும் சாவும். "கே" வந்தால் உறுதி. "யு" வந்தால் இல்லை. "ஓ" வந்தால் கேட்டது இல்லை, வேறொன்று தருகிறோம். நாங்கள் "டி" போட்டால் வேண்டாம் என்று அர்த்தம். எங்களுக்கு "ஓ" வந்தது. 17:20.

ஜூனில் ஸ்லாட் மாநாடு. வருஷத்துக்கு இரண்டு தடவை உலகத்து விமான நிறுவனங்களும் ஒருங்கிணைப்பாளர்களும் ஒரே அரங்கில் கூடுவது. வரிசையாக மேசைகள், முன்பதிவு செய்த சில நிமிஷப் பேச்சு, மணி பார்த்து எழுந்து அடுத்த மேசை. பெண் பார்க்கப் போன இடத்தில் காபி ஆறுவதற்குள் நல்ல பதில் வாங்க வேண்டும் என்கிற மாதிரிப் பதற்றம். உண்மையான வியாபாரம் மேசையில் நடப்பதைவிட நடைபாதையில் அதிகம். செவ்வாய் 12:50 வைத்திருந்த ஒரு நிறுவனத்துக்காரரை மூன்று நாள் துரத்தினேன். கொடுக்கத் தயார்தான், பதிலுக்கு எங்கள் வெள்ளிக்கிழமை மாலைப் புறப்பாட்டைக் கேட்டார். அலுவலகத்துக்குப் போன் போட்டேன். வெள்ளியைத் தொட்டால் தலை உருளும் என்றார்கள். திரும்பிப் போய்க் கையை விரித்தேன். அவர் தோளைத் தட்டிவிட்டு அடுத்தவரைப் பார்க்கப் போய்விட்டார்.

ஆக, 2019 குளிர்காலத்தில் செவ்வாய் மட்டும் 17:20. விடியற்காலை சென்னையிலிருந்து வந்தவர்கள் மதியம் ஒன்றேகால் வரை உட்கார்ந்திருக்க வேண்டும். திரும்பி வருகிறவர்கள் இரண்டரை மணிச் சென்னை விமானத்தைத் தவறவிட்டு அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும். ஒரு செவ்வாய் காலை டிரான்சிட் பகுதி வழியாகப் போனேன். கம்பி நாற்காலிகளில் துண்டை விரித்து ஒரு குடும்பம் படுத்திருந்தது. பெரியம்மா ஒருவர் எவர்சில்வர் டப்பாவைத் திறந்து பேத்திக்குப் புளியோதரை ஊட்டிக்கொண்டிருந்தார். என் கழுத்து அட்டையைப் பார்த்து, "ஏம்ப்பா, போன தடவ இறங்கினதும் ஏத்திவிட்டாங்களே, இன்னிக்கு ஏன் இவ்ளோ நேரம்?" என்றார். "டைம் மாத்திட்டாங்கம்மா" என்றேன். யார் என்று அவர் கேட்கவில்லை.

2019 நவம்பரில் பிரிஸ்பேனில் மாநாடு. 2020 கோடைக்கு ஐந்து நிமிஷம் முன்னே பின்னே என்று அத்தனை பேரும் தொண்டை கிழியப் பேசினோம். நான்கே மாதத்தில் அந்த ஓடுபாதைகளில் விமானங்களை வரிசையாக நிறுத்திவைத்தார்கள். மார்ச் தொடக்கத்தில், 80-ஐக் காப்பாற்ற ஐரோப்பாவில் சிலர் கிட்டத்தட்டக் காலியாகப் பறந்துகொண்டிருந்தார்கள். அந்த மாதமே விதி தளர்த்தப்பட்டது. பறக்காமலே உரிமை நிலைக்கும் என்று வந்தது ஸ்லாட் மேசைக்கு வந்தபின் நான் பார்த்திராத அதிசயம். பின்னால் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார்கள், ஐரோப்பிய ஒன்றியத்தில் 50, பிறகு 64 என்று. 2021 கடைசியில் லுஃப்தான்சா தலைவர், அந்தக் குளிர்காலத்தில் ஸ்லாட்டுக்காக மட்டும் 18,000 தேவையில்லாத விமானங்களை இயக்க வேண்டியிருக்கிறது என்றார். அப்போதுதான் செய்தித்தாள்காரர்களுக்கு எங்கள் தொழில் என்று ஒன்று இருப்பது தெரிந்தது.

2020 செப்டம்பரில் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தேன். எங்கள் விமானங்கள் பாதிக்கு மேல் எஞ்சின்களுக்கு உறை போட்டு மணலில் நின்றன. சேட்டன் அந்த ஜூலையில்தான் கணக்கை முடித்துக்கொண்டு கோழிக்கோட்டுக்குப் போயிருந்தார். வழக்கமான செய்திகள் வந்துகொண்டிருந்தன. எல்லோரும் ரத்து, ரத்து என்று திருப்பிக்கொண்டிருந்தார்கள். அவற்றுக்கு நடுவே ஒரு வரி. வெயிட்டிங் லிஸ்டில் நான் மறந்தே போயிருந்த விண்ணப்பம். செவ்வாய், வருகை 12:35, புறப்பாடு 14:10. முன்னால் "கே". கீழே ஒரு குறிப்பு: இந்தப் பருவத்துக்கு மட்டும், உரிமை சேராது. யாரோ பறக்க முடியாமல் தற்காலிகமாக விட்டது.

சேட்டனுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். சிரிப்புப் பொம்மை ஒன்று வந்தது, கொஞ்சம் கழித்து அழுகைப் பொம்மை ஒன்று.

அந்த நகரத்துக்கு அப்போது வாரத்துக்கு இரண்டு விமானம், வியாழனும் ஞாயிறும். செவ்வாய்க்கு விமானம் கேட்டு யாரிடம் போவது? நாளின் கடைசியில், மின்னஞ்சல் பட்டியலில் யார் யார் இன்னும் வேலையில் இருக்கிறார்கள் என்று ஒவ்வொரு பெயராகச் சரிபார்த்து விவரத்தை அனுப்பினேன். பதில் வரவில்லை. இரவு எட்டு மணிக்கு அந்த வரியைத் திறந்து, முன்னால் "டி" என்று ஓர் எழுத்தை அடித்துத் திருப்பி அனுப்பிவிட்டு, சாப்பாட்டுக்கு மேசையை ஒழித்துக் கொடுத்தேன்.